முருகையனின் மூக்கு

முருகையனுக்கு நல்ல மூக்கு, சார். தெருமுனையில் கருவாடு வறுத்தால் சுறாவா, வாளையா என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவான். உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவனை அதற்காகத்தான் என் ஷெட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். கந்தகம் காய்ச்சும் இடத்தில் மூக்குள்ளவன் ஒருவன் வேண்டும்.

நான் கோட்டக்குப்பம் லியாகத் அலி. மரக்காணத்தில் மழைக்கு முன்னால் உப்புக் குவியலைப் பிளாஸ்டிக் பாயால் மூடுவார்கள். அது நார்நாராகக் கிழிந்து உப்பில் கலக்கிறது, நாமும் தின்கிறோம். ஆலைகள் கழித்துப்போடும் கந்தகத்தை எண்ணெயோடு உருக்கி, மண்ணில் மக்கிப்போகிற ஷீட் செய்யவேண்டும் என்று எனக்கு வெறி. நல்ல காரியம்தானே? இரண்டு வருடமாகக் காய்ச்சினேன். ஒரு தடவை உதிரும், ஒரு தடவை கல்லாகும். வீட்டில் மனைவி ஹமீதா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் ஷீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்றும் இல்லையென்றால் இனி வரமாட்டார்கள்.

அன்றுதான் கலவை முதல் தடவையாகப் பதமாக வந்தது. அந்த நேரம் பார்த்துக் கழிவுத்தொட்டி அடைத்துக்கொண்டது. குளிர்விக்கிற தண்ணீர் போக வழியில்லை. கொஞ்சம் தாமதித்தால் எல்லாம் பாழ். முருகையன் இடுப்பில் கயிறு கட்டி ஏணியில் இறக்கினேன். பாதியில் நின்று, அழுகின முட்டை வாடை தாங்கவில்லை என்றான். பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். சற்று நேரத்தில் அவனே குரல் கொடுத்தான்.

"இப்ப வாடையே வரலீங்க பாய். போயிடுச்சு."

"நல்லதுப்பா. அடியில இறங்கி அடைப்ப எடுத்துடு."

எடுத்தான். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அவன் சத்தம் கேட்கவில்லை.

முருகையன் செத்தது விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். பதினொரு வருடம் குவைத்தில் எண்ணெய் ஆலையில் இருந்தவன் நான். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: வாடை அடிக்கும்வரை தப்பிக்க வழியுண்டு, திடீரென்று நின்றுபோனால் வாயு போகவில்லை, உன் மூக்குதான் செத்துவிட்டது, ஓடு. தெரிந்துதான் சொன்னேன். முன்பொரு தடவை அதே தொட்டியில் என் மகன் உமைர் இறங்கப் போனபோது, சட்டையைப் பிடித்து இழுத்தவனும் நான்தான்.

கயிறு கையில் இருந்ததே, தூக்கியிருக்கலாமே என்கிறீர்கள். கலவையை விட்டுவிட்டு எப்படி, சார்? கயிற்றைத் தூணில் கட்டிவிட்டுப் போய், கலவையைத் தட்டில் ஊற்றி, பலகையால் சமன்செய்து, ஓரம் இறுகும்வரை நின்றேன். அத்தனை அழகாக வந்தது. அழுதுவிட்டேன்.

அப்புறம் வெளியே வந்து கத்தினேன். உப்பளத்து ஆட்கள் அத்தனை பேரும் ஓடி வரும்படி கத்தினேன். அவனுக்காக என்னால் ஆனதைச் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.