இரும்பு நுழையாத அறை

நம் டாக்டரம்மாவின் இரங்கல் கூட்டத்து மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, ஆய்வகத் தோழர்களே, தாயைப் பறிகொடுத்து நிற்கும் மகளே, பின்சுவரோரம் சட்டைக்குள் இரும்புக் குழாயை மறைத்து நிற்கும் தம்பிகளே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். ஏன் திகைக்கிறீர்கள்? அறுவைக்குப் போகிறவர்களுக்கு ஆயுள் முழுக்கச் சவரம் செய்தவன் நான். எழுத்து தெரியாது, சட்டைக்குள் இருப்பது தெரியும்.

நம் டாக்டரம்மா என்ன செய்தார்? ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து எடுத்த துளிச் சதையில் துத்தநாகம் எவ்வளவு என்று அளந்தார். நல்ல சதையில் அது நிறைய இருக்குமாம். புற்று பிடித்தால் வற்றிவிடுமாம். கட்டி தெரியுமுன்பே அந்த வற்றலைக் கண்டு ஆளைக் காப்பாற்ற முடியுமா? அம்மாவின் தவம் அது ஒன்றுதான்!

அங்கே ஒரு மோதிரம் உரசினாலும் அளவு பொய்யாகிவிடும். அதனால் வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி. கடிகாரம், சாவி, மோதிரம் எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மோதிரம் கழலவில்லை என்றார் நம் தலைமை மருத்துவர். "அப்ப விரலோட கழட்டிடவா சார்?" என்றாரே அம்மா! ஐயா சிரிக்கிறார். சோப்பு போட்டுக் கழற்றியவன் நான்தான்.

அந்த அறைக்குள் போன வாரம் கடப்பாரை நுழைந்தது.

அதைத் தூக்கி வந்தவன், புராஸ்டேட் புற்றுக்கான அறுவைக்குப் பின் இறந்துபோன ஒரு சுமைதூக்கியின் தம்பி. "எங்கண்ணன் சதைய அறுத்து வித்துட்டியாடி?" கண்ணாடிகள் நொறுங்கின. இயந்திரத்தின் வயிறு கிழிந்தது. அமிலம் கொட்டித் தரை புகைந்தது. அம்மா, சதைத் துளிகளைச் சேர்த்து வைத்திருந்த குளிர்ப்பெட்டியின் மேல் கவிழ்ந்துகொண்டார்.

"விக்கலப்பா, இதுக்குள்ளதான் இருக்கு. நீ கூடப்பிறந்தவன், உனக்கும் வரலாம். சோதிச்சுக்கோ."

முதல் அடி முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் கேட்டு ஓடினேன். "கீழ போடுடா பாவி!" என்று அவன் இடுப்பைக் கட்டினேன். அவன் உதறியதில் சுவரில் மோதி என் பற்கள் தெறித்தன. அடுத்த அடி அம்மாவின் தலையில். பெட்டியின் வெள்ளை மூடி சிவந்தது.

என் மடியில் கிடந்து கேட்டார்: "அண்ணே, பெட்டி மூடியிருக்கா?"

"மூடியிருக்கு தாயி."

"அந்த வீட்டு ஆளுங்கள சோதனைக்கு வரச் சொல்லுங்க."

கொல்லச் சொன்னாரா? கொளுத்தச் சொன்னாரா? வரச் சொன்னார்! அடித்தவன் சிறையில் இருக்கிறான். அந்த வீட்டில் மிச்சம் இருப்பவர்கள் இறந்தவனின் மகன்கள். பின்சுவரோரத் தம்பிகளே, இந்தக் கூட்டம் கலைந்ததும் நீங்கள் போகவிருப்பது அவர்கள் மண்டையை உடைக்கத்தானே? அம்மா உயிரைக் கொடுத்து யாருக்காக அந்தப் பெட்டியைக் காத்தார்? அவர்களுக்காகத்தானே!

மூத்தவன் காலையில் என்னிடம் வந்தான். மீசை வைத்த ஆள், சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்கிறான். "பெரியப்பா, நாங்க சோதனைக்கு வந்தா அடிப்பாங்களா?" "வாடா, உனக்கு முன்னாடி நான் நிக்கிறேன்" என்றேன். மிச்சமிருக்கும் பல்லும் போகட்டும்!

இதோ, அதே நீலத் தொட்டி. விளிம்பில் காய்ந்திருப்பது அம்மாவின் ரத்தம். இயந்திரம் பழுதுபார்க்கப்படும்வரை அந்தப் பெட்டிக்கு நான் காவல். அளக்கும் வேலையை ஆய்வகத்தார் தொடருவார்கள். அந்த மகன்களை முதல் ஆளாக உள்ளே அழைப்பார்கள். இது அம்மாவின் படத்துக்கு முன் நாங்கள் கொடுக்கும் வாக்கு.

தம்பிகளே, அவர் படத்துக்குப் பூப்போட வருகிறவர்களும் அவர் வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். முதலில் என் சவரக் கத்தியை இந்தத் தொட்டியில் போடுகிறேன்.

ம்... அடுத்து யார்?