பேனலுக்கு முன்னால் ஒரு மீட்டர்

அன்னபுஷ்பம்: ஒரு அடிதானே குறையுது நடேசண்ணே! கண்டுக்காம கரண்ட் பேனலை மாட்டிட்டுப் போங்க.

நடேசன்: நான் கண்டுக்கல, சரி. நாளைக்கு இன்ஸ்பெக்டர் டேப்போட வருவாரே? பேனலுக்கு முன்னால ஒரு மீட்டர் காலியா இருக்கணும்மா. இங்க ரெண்டே கால் அடிதான் கீது. அப்பால உங்க பிளைவுட் தடுப்பு.

அன்னபுஷ்பம்: அவர் ஓகே சொல்லலன்னா கரண்ட் வராது. திங்கக்கிழமை மெஷின் ஓடலன்னா ஆர்டரை வேற ஷெட்டுக்குக் குடுத்துருவாங்க...

நடேசன்: அதான் சொல்றேன். தடுப்பை ஒரு அடி உள்ள தள்ளுங்க.

அன்னபுஷ்பம்: ஐயையோ, அது மட்டும் முடியாது.

நடேசன்: ஏன்? உள்ள இன்னா கீது?

அன்னபுஷ்பம்: ஸ்டாக்... ரப்பர் ஷீட்டு.

நடேசன்: ஒரகடத்துல சாம்ராஜுன்னு நம்ம எலெக்ட்ரீஷியன் ஒருத்தன். இதே ரெண்டே கால் அடி சந்துல ஃபியூஸ் போடப் போனான். போறப்ப வெறும் வயிறு. உள்ள நின்னுகினே டிபன் பாக்ஸைக் காலி பண்ணான். வெளிய வர முடியல. மூணு ஷிஃப்ட்!

அன்னபுஷ்பம்: அட, போங்கண்ணே.

நடேசன்: கம்பெனில அதுக்கு ஓவர்டைம் போட்டுக் குடுத்தாங்கம்மா. ஆடிட்டுக்கு வந்தவங்க மெஷின்னு நெனச்சு அவன் நெத்தில நம்பர் ஸ்டிக்கரை ஒட்டிட்டாங்க. இன்னும் உரியல.

அன்னபுஷ்பம்: சிரிக்க வைக்காதீங்க, நானே கவலைல...

நடேசன்: சிரிப்பு வேற. கரண்ட் தூக்கி அடிச்சா ஆளு பின்னால விழ இடம் வேணும். தடுப்புல முட்டினா திரும்பி பேனல் மேலயே விழுவான். அதைத் தொறக்கப் போறது யாரோ பெத்த புள்ளை.

அன்னபுஷ்பம்: ...புரியுது.

நடேசன்: உள்ள இன்னா சத்தம்?

அன்னபுஷ்பம்: அது... கம்ப்ரஸர்.

நடேசன்: கரண்ட்டே இன்னும் வரல. கம்ப்ரஸர்ல சாம்பார் வாசனை வேற வருது.

அன்னபுஷ்பம்: ஃபெபி, அடுப்பை அணைம்மா!... அண்ணே, நானும் எம்பொண்ணும் உள்ளதான் தங்கியிருக்கோம். படப்பைல இருந்த வூட்டை வித்துத்தான் இந்த ரெண்டு மெஷின். தடுப்புக்கு அந்தாண்ட ஆறடிதான். அதுலயும் ஒரு அடி போனா காலை நீட்ட முடியாது... இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடாதீங்க.

நடேசன்: போன வாரம் டேப் புடிச்சப்பவே பாயையும் ஸ்கூல் பையையும் பார்த்துட்டேன்மா. வாசப்பக்கத்துச் செவுத்துக்கு கேபிளை நேத்தே இழுத்தாச்சு. பேனல் அங்கதான். உங்க ஆபீஸ் மேசை மட்டும் நகரணும். நானா கேட்டா கூச்சப்படுவீங்க, அதான் இவ்ளோ நேரம் வாயைக் கிண்டினேன்... சொல்லுங்க, உள்ள ஃபேன் எங்க மாட்டட்டும், தலைமாட்டுலயா, கால்மாட்டுலயா?