வாப்பாவிடம் சொன்ன சம்மதம்

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் எப்போதும் சித்திக்காவுக்குத்தான் விட்டுக்கொடுப்பேன், ஹஜ்ரத். என்னைவிடப் பத்து நிமிடம் மூத்தவள். பட்டினத்திலிருந்து காரைக்கால் கல்லூரிக்கு இரண்டு வருடம் அப்படித்தான் போய்வந்தோம். ஒரே வகுப்பு, ஒரே துணியில் தைத்த புர்கா, ஒரே முகம்.

வேதியியல் கருத்தரங்குக்கு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு தயாராகி நான் பேசினேன். மறுநாள் பேராசிரியை அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

"நான் இல்ல மேடம், பேசினது இஃபாத்" என்று என்னைக் காட்டினாள்.

"யாரா இருந்தா என்னம்மா, ரெண்டும் ஒண்ணுதானே" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுத்துப்போயிருந்தது.

அந்த வருடக் கடைசியில் சித்திக்காவுக்கு மாப்பிள்ளை வந்தது. வாப்பா பாதி ஆயுளை ஷார்ஜாவில் கழித்தவர், இன்னும் அங்கேதான் இருக்கிறார். எங்கள் குரலைப் பிரித்தறிய அவரால் ஆகாது. ஒரு சாயங்காலம் உம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார். சித்திக்கா குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

"சித்திக்காவா? உனக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதம் வாப்பா."

அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் பேரில் பேசியது நான்தான் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் சொன்னால் என் படிப்பும் நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். நிக்காஹ் அன்று சாட்சிகள் கேட்டபோதும் தலையை ஆட்டினாள்.

மூன்றாம் வருடம் தனியாகப் போனேன். எல்லோரும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிம்மதியாக இருந்தது, மறைக்கவில்லை.

போன மாதம் புருஷன் வீட்டிலிருந்து கையில் சூட்டுக் காயத்தோடு வந்து நின்றாள். "என்னால முடியல இஃபாத். திரும்பவும் காலேஜுக்கே வந்துடுறேன்" என்றாள். அவள் சாப்பிட உட்கார்ந்ததும் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

"வாப்பா, சித்திக்கா பேசுறேன். சின்னச் சண்டைதான். நான் அங்க நல்லாத்தான் இருக்கேன்."

பிறகு அவளே அழுதுகொண்டு பேசினாள். "மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு பேசுவியா?" என்று வாப்பா சத்தம் போட்டார். மறுநாள் திருப்பி அனுப்பினார்கள். இரண்டே வாரத்தில் மறு கையும் வெந்து வந்தாள்.

இப்போது புருஷனிடமிருந்து விலகிக்கொள்ள அவள் குலா கேட்கிறாள். அவளே இரண்டு தடவை ஒப்புக்கொண்டாள் என்கிறார் வாப்பா. இரண்டும் நான் பேசியது. ஜமாஅத் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஹஜ்ரத்.

பிரித்துவிடுங்கள், நல்லதுதான். என் கல்லூரிக்கு மட்டும் அவளை அனுப்பாதீர்கள். அவளும் தனியாக நிற்கப் பழக வேண்டாமா? அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.