இடுக்கி தேடிய பல்வலி

சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் போகும் ரயிலில், லிட்டில் இந்தியாவில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இளையவளுக்கு வயிற்றில் ஆறேழு மாதம் இருக்கும்.

"பல்ல நானே புடுங்கிடலாம்னு இடுக்கி தேடினேன்க்கா" என்றாள் அவள்.

மூத்தவள் அதிர்ந்துபோனாள். "கிளினிக் போக வேண்டியதுதானே லா?"

"ஊசி போட்டா பாப்பாவுக்கு ஆகாதுன்னு பயந்து ரெண்டு வாரம் பொறுத்துக்கிட்டேன். ஜில்லுனு தண்ணி பட்டா அரை மணி நேரம் விண்ணு விண்ணுனு தெறிக்கும். முடியாம நேத்துதான் போனேன். டாக்டரம்மா சோதிச்சுப் பாக்க பல்லுல ஜில்லுனு பஞ்ச வச்சாங்க. எடுத்தப்புறமும் வலி விடல. உள்ள நரம்பு வீங்கிடுச்சு, ரூட் கெனால் பண்ணினா பல்லக் காப்பாத்திடலாம்னாங்க."

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அதத்தான் மூணு வாட்டி கேட்டேன். இந்த ஊசியால ஒண்ணும் ஆகாது, சீழ் புடிக்க விட்டாத்தான் ஆபத்துன்னாங்க. நரம்ப எடுத்துட்டாங்க. இன்னொரு தடவ போய் அடைச்சுக்கணும்."

"இப்ப வலி?"

"இல்லவே இல்லக்கா. நேத்துதான் ரெண்டு பேரும் அசந்து தூங்கினோம்."

"பாவம், உன் வீட்டுக்காரரும் முழிச்சுக்கிட்டே இருந்தாரா?"

"அவரச் சொல்லலக்கா" என்று சிரித்தபடி வயிற்றைத் தடவிக்கொண்டாள்.