கரையாத வளையம்

வகுப்பில் நான் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. பல்கலைக்கழகத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். அதனால் நீங்கள் மேசையைத் தட்ட வேண்டியதில்லை, ஐயா. கேட்பதற்கெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

அது ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன நீர்மூழ்கி. நானும் என் தங்கை கணவரும் வருடக்கணக்காக ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. உடற்கூடு என் பொறுப்பு. மின்சாரமும் கேமராவும் மாப்பிள்ளையுடையது. அவரைத் துறைக்குள் கொண்டுவந்ததும் நான்தான், தங்கைக்குப் பேசி முடித்ததும் நான்தான். நகமும் சதையுமாக இருந்தோம் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன்.

முதல் கடல் சோதனையில் நான் இறங்குவதாகத்தான் பேச்சு. தேதி நெருங்கியதும் எல்லார் முகமும் மாறியது. ஒரு நாள் துறைத் தலைவரின் அறைக்குள் நுழைந்தேன். அவரும் மாப்பிள்ளையும் பேச்சைச் சட்டென்று நிறுத்தினார்கள். என்ன விஷயம் என்றேன். தலைவர் கேபிள் என்றார். அதே நேரத்தில் மாப்பிள்ளை விடுமுறை என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தங்கை வீட்டுக்குப் போனால், என் தலையைக் கண்டதும் போனை வைத்தாள். சாப்பிடும்போது, "அண்ணா, மாடிப்படி ஏறினா உங்களுக்கு மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். எனக்கு வயதாகிவிட்டது என்று ஊரை நம்பவைக்க ஒத்திகை நடக்கிறது என்று புரிந்துகொண்டேன். அந்த வாரமே தலைவர் அறிவித்தார், இறங்கப்போவது மாப்பிள்ளை என்று. "நீங்க மேல கப்பல்ல இருந்தாதான் எங்களுக்கு தைரியம்" என்றார். கூட்டத்தில் முதலில் கைதட்டியது நான்தான்.

நீர்மூழ்கியின் அடிவயிற்றில் ஓர் ஈயக்கட்டி தொங்கும். அந்தக் கனத்தில்தான் வண்டி அடியாழத்துக்கு இறங்கும். வேலை முடிந்ததும் உள்ளே இருப்பவர் ஒரு கைப்பிடியை இழுத்தால் கட்டி கழன்று விழும், வண்டி மேலே வந்துவிடும். ஒருவேளை அவர் மயங்கிவிட்டால்? அதற்காகக் கட்டியை ஒரு சிறப்பு உலோக வளையத்தில் மாட்டியிருந்தோம். உப்புத்தண்ணீர் அதை மெல்லத் தின்னும். சில மணி நேரத்தில் தானாக அறுந்துவிடும். அந்த யோசனை மாப்பிள்ளையுடையது. நல்ல யோசனை என்று அப்போதே பாராட்டினேன்.

வளையத்தை நான் மாற்றினேன். அதே அளவில் துருப்பிடிக்காத எஃகில் ஒன்று கடைந்து மாட்டினேன். எஃகு கரையாது என்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், ஐயா. அதைத்தான் பாடமாக நடத்துகிறேன். கைப்பிடியின் தண்டில் கொஞ்சம் பசையும் வைத்தேன். புறப்படும் முன் எல்லாவற்றையும் சரிபார்க்கும் வேலை என்னுடையது. சரியாக இருக்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் தவிக்கட்டும், என் அருமை தெரியட்டும் என்பதற்கு மேல் எனக்கு எண்ணம் இல்லை.

மதியத்துக்கு மேல் நீருக்கடித் தொலைபேசியில் அவர் குரல் வந்தது. "மச்சான், கைப்பிடி இழுக்க வரல. கட்டி கழலல."

"பதறாதீங்க மாப்ள. வளையம் கரைஞ்சதும் தானா மேல வந்துடுவீங்க. பேசிப் பேசிக் காத்தை வீணாக்காதீங்க. கண்ணை மூடிப் படுங்க."

"நீங்க மேல இருக்கீங்களே, எனக்கென்ன பயம்" என்றார்.

மீட்புக் கப்பலைக் கூப்பிடட்டுமா என்று எங்கள் கப்பல் தலைவன் திரும்பத் திரும்பக் கேட்டான். கூப்பிட்டிருந்தால் இருட்டுவதற்குள் வந்திருக்கும். வளையம் இருக்கும்போது எதற்கு வீண் ஆர்ப்பாட்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பேராசிரியர் சொன்னால் அவன் எதிர்த்துப் பேசுவானா? நடுவில் மாப்பிள்ளை ஒருமுறை மணி கேட்டார். கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். அப்புறம் அவர் கூப்பிடவில்லை.

மறுநாள் வண்டியைத் தூக்கியபோது எஃகு வளையம் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டனுப்பினீர்கள்.

இங்கே கிளம்புமுன் தங்கையைப் பார்க்கப் போனேன். நான் செய்தது அவளுக்கு அப்போது தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடலில் இறங்குபவர்களுக்கான பரிசோதனையில் என் இதயம் பலவீனம் என்று வந்ததாம். இறங்கினால் ஆபத்து என்றாராம் மருத்துவர். "மச்சான் மனசு உடைஞ்சிடுவார், இப்ப சொல்லாதீங்க, போய்ட்டு வந்து நானே பதமா சொல்றேன்னு எல்லார் காலையும் பிடிச்சார்ணா. அவருக்கு இருட்டுன்னாலே பயம். உங்களுக்காகத்தான் இறங்கினார்."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

கைப்பிடியில் பசை வைத்தது நான். வளையத்தை மாற்றியது நான். உதவி வரவிடாமல் தடுத்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. முன்னாலேயே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாப்பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். அந்தக் குடும்பத்தில் மனம்விட்டுப் பேசுகிற ஆள் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.