கம்ப்யூட்டருக்குள்ள ஒரு மரத்தக் காணோம்

…அதத்தான் தம்பி நானும் சொல்றேன். காலையில இருந்துச்சு, இப்ப இல்ல. மரம்! அம்புட்டுப் பெரிய மரம்! பொட்டிக்குள்ள நின்ன மரம் எங்க போகும்? இறங்கி நடந்தா போயிருக்கும்? செருப்ப அங்கனயே விட்டுட்டு வாங்க… இல்ல இல்ல, கையோட உள்ள கொண்டாந்துருங்க. எங்க நாய்க்கு ரப்பர்னா உசுரு. உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும். இந்தப் பக்கமா கொஞ்சம் சாஞ்சாப்புல உக்காந்தா ஆடாது.

வயரெல்லாம் எதுக்கு உருவுறீங்க? வயரு நல்லாத்தான் இருக்கு. வைரஸ்னு ஒண்ணு வருமாமே கம்ப்யூட்டருக்கு? அதா இருக்கும். நம்ம மொளகாச் செடியில எல சுருண்டு போகுதே, அதுவும் வைரசுதான்னு வேளாண்மை ஆபீசர் வந்து சொல்லிட்டுப் போனாரு. அதே வைரசு இங்கயும் வந்து மரத்தத் தின்னுருக்கும். நீங்க தேடிப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருப்பேன், அதக் காதுல வாங்க வேணாம்.

ரயிலு இந்நேரம் பரமக்குடிக்கு வந்திருக்கும். எம் மக சேதுலட்சுமி சென்னையில இருந்து வாரா. கூப்புட இவரு போயிருக்காரு, எங்க வீட்டுக்காரரு. ரெண்டு பேரும் பஸ்சப் புடிச்சு இங்கன வந்து சேர்றதுக்குள்ள அந்த மரம் நட்டமா நிக்கணும். அம்புட்டுத்தான் தம்பி நான் கேக்குறது. முதுகுளத்தூர்ல கம்ப்யூட்டருன்னா சுஐபுதான்னு ஊரே சொல்லுதே. பாப்போம் உங்க சாமர்த்தியத்த.

என்ன, அப்படிப் பாக்குறீங்க? மொளகாக் காட்டுக்காரி கம்ப்யூட்டரப் பத்திப் பேசுறாளேன்னா? நான் கான்வென்ட்டுல படிச்சவ தம்பி, ராமநாதபுரத்துல. சிஸ்டர் ஸ்கேலத் திருப்பிப் புடிச்சு முட்டியில போட்டுச் சொல்லிக் குடுத்த இங்கிலீசு. அத வச்சு என்ன பண்ண? கட்டிக் குடுத்தது இந்த ஊருல. 'எக்ஸ்க்யூஸ் மீ'ன்னு ஆட்டுக்குட்டிகிட்டயா சொல்ல? அது வழிய விடுமா?

ஆங், அதுதான், அந்தப் படத்த அமுக்குங்க. வருதா? பாத்தீங்களா, ஆகாசத்த! ஊதாக் கலரு! தரை ரோசு. மீனெல்லாம் மேல பறக்குது, அதுவும் மீச வச்ச மீனு. அந்த மலைக்குக் கண்ணு இருக்கு, நாம பாத்தா அதுவும் திரும்பிப் பாக்குது. முதநாளு எனக்குத் தலையே சுத்திருச்சு. கடுங்காய்ச்சல்ல கெடக்கயில வீட்டு உத்தரம் நெளியுமே, அதக் கலரு போட்டு எடுத்த மாதிரி.

விளையாட்டுத்தான் தம்பி. சுடுறது, வெட்டுறது ஒண்ணும் கெடையாது. அந்தா நிக்கிறான் பாருங்க, கழுத்தே இல்லாம, காளான் கணக்கா, அவன் குதிச்சுக் குதிச்சுப் போவான். மடியில வெதை வச்சிருப்பான். போற எடத்துல ஊண்டணும், தண்ணி ஊத்தணும், செடி வளந்துரும். ஒரு செடி அவனத் தூக்கி எறியும். ஒரு செடி எலைய விரிச்சுப் படிக்கட்டாட்டம் நிக்கும். ஒண்ணு பாடும்! அப்படியே ஏறி ஏறிப் போனா மேல ஒரு தோட்டம். அதுக்கு மேல இன்னொரு தோட்டம். எதுக்குடா ஏறுறேன்னு கேட்டா, சும்மா, பாக்க! வேல வெட்டி இல்லாத பய.

தண்ணிக்கு என்ன பண்ணுவான் தெரியுமா? மேகத்தப் புடிச்சுப் பிழிவான்! ஈரத்துணியப் பிழியிற மாதிரி! நம்ம ஊரு மேகத்தப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே. கறுத்துக்கிட்டு வரும், நாம ஓடி ஓடிக் கொடியில கெடக்குற துணிய எடுப்போம், வத்தல அள்ளுவோம், அது பாட்டுக்கு நேரா ராமேஸ்வரம் போயி கடலுக்குள்ள பெய்யும். எங்க வீட்டுக்காரரு முதமுத அந்த மேகத்தப் பிழிஞ்சப்ப அந்த மூஞ்சிய நான் பாத்தேன் தம்பி. சிரிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. திரும்பப் பிழிஞ்சாரு. திரும்பவும் பிழிஞ்சாரு. செடியெல்லாம் அழுகிப் போச்சு. 'போதும் விடுங்க, வெள்ளக்காடா இருக்கு'ன்னு நான்தான் சத்தம் போட்டேன்.

இவரு எங்க விளையாட்டுப் பக்கம் வந்தாருன்னுதான் கேக்குறீங்க? கேக்கலையா? சரி, நானே சொல்றேன். எல்லாம் எம் மகளால. இன்சினியரிங் முடிச்சா. சென்னையில வேலைன்னா. சந்தோசம். என்ன வேலைடின்னு கேட்டா, செடி வரையிற வேலையாம்! வெளிநாட்டுக்காரன் பண்ணுற விளையாட்டுக்கு இவளும் இன்னும் நாலு பேரும் ஏசி ரூமுக்குள்ள உக்காந்து செடி கொடி வரையணுமாம். இவருக்கு வந்துச்சே கோவம்! 'படம் வரையவா உன்ன இன்சினியரிங் படிக்க வச்சேன்? செடிதான் வேணும்னா வா, காட்டுல களை மண்டிக் கெடக்கு'ன்னாரு. அவ சும்மா இருப்பாளா? யாரு பெத்த புள்ள? 'உங்க செடிக்கு மழை வரணும் அய்யா, என் செடிக்கு வேணாம்'னுட்டா.

அவ சொன்னது தப்புத்தான். அந்த வருசம் ஒரு பொட்டு மழை இல்லாம மொளகா பூராம் கருகிக் கெடந்துச்சு. இவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு அந்தக் கருகுன காட்டுக்கே போயிட்டாரு. போன சித்திரையில நடந்தது. அதுல இருந்து அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. போன் அடிச்சா எங்கையில குடுத்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாரு. வாரத்துக்கு வாரம் அந்த மாடு தாகமே இல்லாம தண்ணி குடிச்சுச்சு, பாவம். அவ எங்கிட்ட 'அய்யா சாப்புட்டாரா?'ம்பா. இவரு எங்கிட்ட 'குளிருக்குப் போத்திக்கிறாளாமா?'ம்பாரு. நடுவுல நான் தபாலாபீசு. ரெண்டு பேரும் பேசிரணும்னு உத்தரகோசமங்கை கோயிலுக்கு நேந்தே வச்சேன்.

தீவாளிக்குச் சீலை அனுப்புவான்னு பாத்தா இந்த விளையாட்டுச் சிடி வந்துச்சு. கூட ஒரு வரி எழுதல. இவரு அத ஏறெடுத்தும் பாக்கல. நாலு நாளு கழிச்சு ஒரு மத்தியானம் உள்ள வாரேன், மனுசன் மக படிக்க வாங்குன இந்தப் பொட்டி முன்னால உக்காந்திருக்காரு! மவுச ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, ஏர் ஓட்டயில மேழிய அழுத்துற மாதிரி! என்னப் பாத்ததும், 'இதுல என்னமோ இங்கிலீசுல போட்டிருக்கு, வாசி'ன்னாரு. அன்னைக்குப் புடிச்சது எனக்குச் சனி. அடுப்புல ரசம் பொங்கும், 'ஏய், வாசி'ம்பாரு. சீரியல்ல கொலை விழுகப் போகும், 'ஏய், வாசி'ம்பாரு. நானும் வாசிச்சேன். சிஸ்டர் சொல்லிக் குடுத்ததுக்கு இதாச்சும் ஆச்சேன்னு.

பெறகு ஒரு ஞாயித்துக்கெழம சேது போன் பண்ணுறா. இவரு மாட்டுப் பக்கம் போகல தம்பி! ரிசீவர என் கையில இருந்து புடுங்கி, 'அந்தப் பாடுற செடிக்கு எம்புட்டுத் தள்ளி அடுத்தத ஊண்டணும்?'னாரு. நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை இல்ல! நானும் ரிசீவர்ல காத ஒட்டிக்கிட்டேன். அவ மெதுவாச் சொல்றா, 'ஒரு முழம் தள்ளி அய்யா'ன்னு. அன்னையில இருந்து செடிப் பேச்சு மட்டுந்தான். வேற ஒண்ணும் கெடையாது. ஆனா பேசுறாங்கள்ல?

இப்ப உச்சித் தோட்டம் வரைக்கும் ஏறிட்டாரு. அவகிட்டச் சொல்லல. 'வரட்டும், பொங்கலுக்கு வந்து கண்ணால பாக்கட்டும்'னு அடக்கி வச்சிருக்காரு. அந்த மரத்துல ஏறித்தான் உச்சிக்குப் போகணும். மரம் இல்லையா, ஒண்ணும் இல்ல. வந்து இந்த மொட்டத் தரையப் பாத்தா திரும்பவும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாரு தம்பி. அந்த மாடும் தாங்காது, நானும் தாங்க மாட்டேன்.

என்ன? வைரஸ் இல்லையா? நல்லாப் பாத்தீங்களா? அப்பக் கரண்டா இருக்கும். காலையில ரெண்டு தரம் விட்டு விட்டு வந்துச்சு… யாரு, நானா? நான் எதுக்குத் தொடப் போறேன்? தூசி தொடச்சேன். தூசி தொடைக்கக் கூடாதா? மக வாரான்னு வீட்டக் கழுவி விட்டேன், கோலம் போட்டேன், இதையும் தொடச்சேன்… ஆன்ல இருக்கும்போதுதான். சரி, நாந்தான் ஆன் பண்ணுனேன். இவரு தலை மறைஞ்சதும். என்ன இப்ப? இம்புட்டு நாளா வாசிச்சு வாசிச்சுக் குடுத்தவளுக்கு ஒரு தடவ மவுசத் தொட உரிமை இல்லையா? வீடு பூராம் சுத்தம் பண்ணியாச்சே, உள்ளயும் ஒரு எட்டுப் போயி ரெண்டு களை எடுப்போம்னு போனேன்.

போனா, நட்ட நடுவுல நிக்குது தம்பி! இம்புட்டு நாளா எழுத்தத்தான் பாத்தேன், மரத்த உத்துப் பாக்கல. ஊசி ஊசியா முள்ளு. சீப்புக் கணக்காச் சின்ன எல. மஞ்சளா வளைஞ்ச காயி. கலர மாத்துனா எனக்குத் தெரியாதா? ஆகாசம் ஊதாவா இருந்தா என்ன, சாம்பலா இருந்தா என்ன? சீமைக் கருவேலம்! நம்ம காட்டுல ஒண்ணு தல தூக்குனா அன்னைக்குச் சோறு திங்காம கடப்பாரையத் தூக்கிக்கிட்டுப் போற மனுசன், இங்க வளத்து வச்சிருக்காரு! பக்கத்துல பாடுற செடி நிக்குது, அது தண்ணிய எல்லாம் இது உறிஞ்சிட்டா? நீங்களா இருந்தா சும்மா விட்டுருவீங்களா? புடிச்சேன், ஒரே இழு.

கேட்டுச்சு, கேக்கலன்னு சொல்லல. 'ஆர் யூ ஷ்யூர்?'னு கேட்டுச்சு. யாருகிட்ட! கருவேலத்தப் புடுங்க நம்மூருக்காரிகிட்ட ஷ்யூரான்னு கேக்குது! கீழ இன்னும் என்னமோ நாலு வரி போட்டிருந்துச்சு. அதெல்லாம் யாரு வாசிச்சா? எஸ், எஸ், எஸ்னு அமுக்குனேன். வேரோட வந்துருச்சு. வந்தப்புறந்தான் தெரியுது, மேல இருந்த தோட்டம் பூராத்தையும் அதுதான் தாங்கிக்கிட்டு நின்னிருக்கு. ஒண்ணு மேல ஒண்ணாச் சரிஞ்சு… அந்த மீச மீனெல்லாம் பதறிப்போயி ஓடுச்சு தம்பி. மலை கண்ண மூடிருச்சு.

இப்படித் தலைய ஆட்டாதீங்க. வந்துரும்னு ஆட்டுறீங்களா, வராதுன்னு ஆட்டுறீங்களா? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு… வராதா? சுத்தமா வராதா? சரி, அப்ப ஒண்ணு செய்ங்க. அவுங்க வந்ததும் வைரஸ்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவாரு. நான் சொன்னா மழை பெய்யுதுன்னாலும் வெளிய போயிப் பாத்துட்டு வாரவரு. ஏன் பைய மூடுறீங்க? காபி குடிக்காம எந்திரிக்கக் கூடாது. இருங்க, பால வச்சுட்டு…

நாய் கத்துது. வந்துட்டாங்க!

வாடி சேது, வா வா! என்னடி இப்படி எலும்பாப் போயிட்ட? ஏங்க, பைய அங்கன வைங்க. இவரா? இவரு சுஐபுத் தம்பி. சும்மா, இந்தப் பக்கம் வந்தாரு… ஒண்ணுமில்ல, வைரஸ்! கரண்டு! கரண்டு போனதால வைரஸ்… அங்க போகாதீங்க! கைகாலக் கழுவுங்க மொதல்ல! ஏங்க, சொல்றேன்ல, ஏங்க…

ஆமா. நாந்தான். நாந்தான் புடுங்குனேன். வேணும்னு பண்ணல. கருவேலம்னு நெனச்சுட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசிரணும்னு நேந்துக்கிட்டவளே, பேச வச்ச மரத்தப் புடுங்கிட்டேன், போதுமா? திட்டுறதுன்னா திட்டுங்க, பேசாம மட்டும் இருந்துராதீங்க… என்னடி? ஏன் முழிக்கிற? திரும்பச் சொல்லு… நீ வரைஞ்ச மரமா? அம்புட்டுச் செடியில நீ வரைஞ்சது அதா? கருவேலமேதானா! நம்ம வடக்குக் காட்டு வரப்புல நின்னத நெனச்சா வரைஞ்ச? ஆபீசுல ஒருத்தருக்கும் அது என்ன மரம்னு தெரியலையா? எனக்குப் பாத்ததும் தெரிஞ்சிருச்சே! கேட்டீங்களா தம்பி, நான் சொன்னேன்ல கருவே… தம்பி? தம்பி! எங்க போயிட்டாரு? செருப்பையும் காணோம். வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசல, உம்மணா மூஞ்சி.

அவரு கெடக்காரு. ஏங்க, உங்களத்தான். சுவத்தப் பாத்து நின்னா ஆச்சா? உங்களுக்குத் தெரியுமா அது கருவேலம்னு? தெரியுமா, தெரியாதா?… தெரியும். முளைச்சு ரெண்டு எல விட்டப்பவே தெரியும். தெரிஞ்சும் புடுங்காம மேகத்தப் புடிச்சுப் பிழிஞ்சு ஊத்தி வளத்தீங்களா? நீங்களா? கருவேலத்துக்கா? என்னது… மக வரைஞ்சதுன்னும் தெரியுமா?

ஏய் சேது, நீ ஏண்டி இப்ப அழுகுற? மரம் போச்சுன்னா? இல்லையா? பெறகு எதுக்கு அய்யா தோள்ல போயிச் சாயுற, வந்த களைப்பு தீரல, மூஞ்சி கழுவல… சரி, சரி. அழுங்க. ரெண்டு பேரும் நல்லா அழுங்க. கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க, நான் உக்காரணும்.

அந்த வெதை எந்தப் பக்கம் இருக்கு, காட்டுங்க. இதா? ஆழமா ஊண்டணுமா, மேலாப்புலயே போடணுமா? என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு அப்பனுக்கும் மகளுக்கும்? பொறந்ததுல இருந்து இதப் புடுங்கித்தான் பழக்கம். நடுறதுக்கு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?