வெற்றுப் போத்தலில் ஒரு துளி

கடல்நீர் எடுக்கப் போகிறவர்கள் கைக்குக் கிறீம் பூசக் கூடாது. டென்மார்க்கில், ஓகூஸ் நகரில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் முதல்நாளே இதைச் சொல்லிவிடுவேன். கிறீம் நீரில் கரைந்து, கடலில் இல்லாததை இருப்பதாகக் காட்டிவிடும். மேனுஜாவுக்கும் சொன்னேன். "ஓகே அங்கிள்" என்றாள். இருபத்தேழு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற ரகம். பத்தொன்பது வருடம் அங்கே உழைத்த என்னை விட்டுவிட்டு, ஆறே மாதத்தில் அவளைத் திட்டப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். கூட்டங்களில் சிரித்துக் கதைக்கத் தெரிந்தால் இந்த நாட்டில் அது போதும்.

உங்களுக்கு இரசாயனம் தெரியாது என்பது உங்கள் கேள்விகளிலேயே தெரிகிறது. ஆகவே எளிதாகச் சொல்கிறேன். கடலுக்குப் போகும்போது சுத்தமான நீர் நிரப்பிய ஒரு போத்தலையும் கொண்டுபோவோம். படகில் அதைத் திறந்து, மூடி, திருப்பிக் கொண்டுவருவோம். கடல்நீர் படாததால் அதற்கு வெற்றுப் போத்தல் என்று பெயர். அதில் ஏதாவது அகப்பட்டால், அழுக்கு கடலில் இல்லை, எடுத்தவர் கையில் என்று அர்த்தம். அன்றைய அளவுகள் முழுவதும் குப்பைக்குப் போகும்.

மே மாதம், ஒரு பழைய தொழிற்சாலை கழிவு புதைத்திருந்த குடாவில், மேனுஜா ஒரு பூச்சிக்கொல்லியைக் கண்டுபிடித்தாள். நரம்பைத் தாக்குகிற மருந்து. முடிவுத் தாளைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் ஓடினாள். அந்த ஓட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. இயக்குநர் மறுபடி அளக்கச் சொன்னார். அவள் கொண்டுவந்த வெற்றுப் போத்தலில் அதே மருந்தில் ஒரு துளியை ஊசியால் விட்டேன். அளவுகள் குப்பைக்குப் போயின. திரும்பவும் போய் எடுத்தாள். திரும்பவும் விட்டேன். மூன்றாம் தடவை தோல் உரியும்வரை கை கழுவிவிட்டுப் போனாளாம். அப்போதும் விட்டேன். இயக்குநர் அவளைக் கொஞ்சநாள் ஓய்வெடுக்கச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

கடல்நீரை நான் தனியாக அளந்தேன். அவளுடைய எண்கள் சரி. அந்தக் குடாவின் நண்டு ஒன்றையும் அளந்தேன். அதில் இன்னும் அதிகம். நான் கவனப்பிழை விட்டதாக நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆவணியில் சபாரத்தினம் தொலைபேசியில் அழைத்தான். எங்கள் ஆய்வுகூடக் களஞ்சியத்தில் வேலை செய்கிறவன், ஓய்வு நாட்களில் அந்தக் குடாவின் பாலத்தடியில் நண்டு பிடிப்பான்.

"அண்ணை, நல்ல நண்டு பிடிபடுது. மேனுஜாப் பிள்ளை சாப்பிடாதேங்கோ எண்டு சொல்லுது. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"அவளுக்குக் கை கழுவவே தெரியாது. நீ பயப்பிடாமல் சமை."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். சபாரத்தினத்துக்கு மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிட வரச் சொன்னான்.

போனேன். ஆவணி ஞாயிறு, விரதம் என்றேன். என் வாழ்நாளில் ஒருநாளும் விரதம் பிடித்தவனல்ல. ஆனால் எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல் போதும், இரண்டாவது கேள்வி வராது. அவன் மனைவி ராசமலர்தான் பதறிப்போனாள். "அண்ணை, முதலே சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று வேறு சட்டி கழுவி, எனக்கென்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். எனக்கும் சபாரத்தினத்துக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்கார்ந்து நண்டுக்காலை உறிஞ்சிச் சாப்பிட்டாள். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

பின்னேரம் அவர்கள் இருவருக்கும் வியர்த்தது, வாந்தி, கைகால் துடிப்பு. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். என்ன நஞ்சு என்று தெரிந்திருந்தால் உடனே மாற்றுமருந்து கொடுத்திருப்பார்கள். நான் வாசல் கதிரையில்தான் இருந்தேன். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. சபாரத்தினம் பிழைத்துவிட்டான். ராசமலர் பிழைக்கவில்லை.

செத்த வீட்டுக்கு மறுநாள் மேனுஜா தனியாகக் கடலுக்குப் போயிருக்கிறாள். இந்தமுறை இரண்டு வெற்றுப் போத்தல்கள். ஒன்றை ஆய்வுகூடத்தில் வைத்தாள். மற்றதைத் தன் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒளித்துவிட்டாள். ஆய்வுகூடத்தில் இருந்ததில் நான் விட்ட மருந்து இருந்தது. வீட்டில் இருந்ததில் இல்லை. அதனால்தான் நான் பொலிஸ் நிலையத்தில் உங்கள் முன்னால் இருக்கிறேன்.

அவளுடைய கை அழுக்கு என்றால் நீங்கள் ஏன் துளி விட வேண்டும் என்று நேற்றுக் கேட்டீர்கள். விஷயம் தெரியாதவர் கேட்கிற கேள்வி. அந்தப் போத்தல்கள் எப்படியும் அழுக்காகத்தான் வந்திருக்கும். நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன்.

ராசமலரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மேனுஜாவின் போத்தல் சுத்தமாக இருந்தது என்று ஒரு வரி எழுதினாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.